இஞ்சின் இல்லாத பெட்டி

முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது, உட்காரச் சொல்வதற்கு முன்னால் டயரை அமுக்கிப் பார்க்கச் சொன்னார்.

நான் புளி வியாபாரி. ஊர் வாணியம்பாடி. ஜவ்வாது மலைக்கு வருசத்துக்கு இரண்டு நடை ஏறுவேன். புரட்டாசி வாக்கில் காய்ப்பைப் பார்த்து மரம் பேச ஒரு நடை, மாசி பங்குனியில் புளியை எடுத்துப்போக ஒரு நடை. அத்தா காலத்திலிருந்து இதுதான் எங்கள் பிழைப்பு. மரம் பார்க்க வந்தவனை டயர் பார்க்கச் சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்? வெயிலில் ஏறி வந்த எரிச்சல் வேறு. ஆனால் மரம் அவருடையது. வாங்க வந்தவன் வாயை மூடிக்கொண்டு சொன்னதைச் செய்துவிட்டுப் போவதுதான் வியாபாரம்.

வாசலுக்கு எதிரே பலா மரத்தடியில் ஒரு டிராக்டர் பெட்டி நின்றது. பின்னால் கோத்து இழுத்துப் போவார்களே, அந்தப் பெட்டி. இரண்டு சக்கரம். முன்னால் நீட்டிக்கொண்டிருந்த இரும்பு மூக்குக்கு அடியில் கருங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. சக்கரங்களின் மேல் ஈரச் சாக்கு. காய்ச்சல்காரன் நெற்றியில் துணி போட்டு வைக்கிற மாதிரி போட்டு வைத்திருந்தார். அவரே சாக்கை விலக்கினார்.

"கட்டை வெரல வெச்சி அமுக்குங்க பாய். மேல இல்ல, பக்கவாட்டுல. ஆங், அங்கதான். வெடிப்பு எதாச்சும் தெரியுதா?"

"இல்லக்கா."

"கண்ணால பாத்துட்டுச் சொல்லாதீங்க. வெரலுக்குத் தெரியுதா?"

"இல்லக்கா, நல்லாத்தான் இருக்குது."

அதற்கப்புறம்தான் மோர் வந்தது. வந்தது என்றால் என் கைக்கு வரவில்லை. சொம்பைக் கொண்டுவந்து பெட்டியின் ஓரத்தில், என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். துலுக்கன் என்று கையில் தராமல் போகிறாரோ என்று எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது. பிறகுதான் தெரிந்தது, அவர் யாருக்கும் எதையும் கையில் கொடுக்க மாட்டார். யாரிடமும் எதையும் கேட்கவும் மாட்டார். வேண்டியவன் எடுத்துக்கொள்கிற மாதிரி எட்டுகிற இடத்தில் வைப்பார், அவ்வளவுதான்.

என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். ஒல்லி உடம்பு, பெரிய பாதம். புருசன் இல்லை. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இப்போது நான் மலை ஏறுவதில்லை, முட்டி ஒத்துழைக்க மறுக்கிறது. என் பையன் செல்லிலேயே மரம் பேசி முடித்துவிடுகிறான். டயர் எதையாவது பார்த்தால் மட்டும் என் கட்டை விரல் தானாக நீளுகிறது. பெட்ரோல் பங்கில் நிற்கிற லாரியை அமுக்கிப் பார்த்து டிரைவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பெட்டி இருக்கிறது, இஞ்சின் எங்கே என்று அந்த முதல் நாளே கேட்டேன். பதில் அவர் வாயிலிருந்து வரவில்லை, ஒரு சத்தத்திலிருந்து வந்தது. வாசலை இரண்டாக அறுத்துக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் சுவர் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. அது அவர் கொழுந்தனுடையது.

கதையை எனக்கு ஊரே சொன்னது. அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் டிராக்டரும் பெட்டியும் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஊருக்கே முதல் இஞ்சின் அது. பெட்டிக்குப் பழைய லாரி டயரைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தேய்ந்த டயரில் ஊர் ஜனத்தை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கும் சந்தைக்கும் போவது சரியில்லை என்று அண்ணன் பிடிவாதம் பிடித்துப் புது டயர் இரண்டு வாங்கி மாட்டினார். அந்த டயரில் அவர் சந்தவாசலுக்கு ஒரே ஒரு நடைதான் போய் வந்தார். அடுத்த வாரம் காய்ச்சல். வேலூருக்குக் கொண்டுபோனார்கள், உயிரோடு திரும்பவில்லை.

பிறகு பாகப்பிரிவினை. நிலம் பிரிந்தது, மரம் பிரிந்தது. டிராக்டரில் வந்து நின்றுவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் ஆலமரத்தடியில் உட்கார்ந்து யோசித்து யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். இஞ்சின் தம்பிக்கு. பெட்டி அண்ணன் பெண்டாட்டிக்கு. இஞ்சின் விலை அதிகம் என்பதால் அந்தம்மாவுக்குக் கூடுதலாகச் சில புளிய மரம். கணக்குக்குச் சரி, காரியத்துக்குப் பாழ். மாட்டை ஒருத்தனுக்கும் வண்டியை ஒருத்தனுக்கும் கொடுத்தால் இரண்டு பேரும் நடந்துதான் போக வேண்டும் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அத்தோடு விட்டார்களா? இல்லை. இஞ்சினையும் பெட்டியையும் கோக்கிற இரும்பு முளை ஒன்று உண்டு, பின்னு என்பார்கள். அது இஞ்சினோடு சேர்த்தியா, பெட்டியோடு சேர்த்தியா என்று தகராறு. பொழுது சாய்ந்தும் தீரவில்லை. கடைசியில் யாருக்கும் வேண்டாம், அம்மனுக்கு இருக்கட்டும் என்று பின்னைக் கொண்டுபோய் மாரியம்மன் கோயிலில் சூலத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டார்கள். பூசாரி அதற்கும் குங்குமம் வைத்தார். நானே பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குக் கொழுந்தன் ஊர் நடுவே ஒரு வார்த்தை சொன்னான். "பொட்டி அவங்ககிட்டயே இருக்கட்டும். ஓடற டயரு தேயும், நிக்கிற டயரு செத்துப்பூடும். ரெண்டு வெயில் தாங்குமா? டயரு வெடிச்சப்பறம் பழைய இரும்பு வெலைக்கு என் வூட்டுக்குத்தான் வரணும்."

அந்த வார்த்தைதான் அக்காவைப் பிடித்துக்கொண்டது. டயர் செத்தால் பெட்டி போகும். பெட்டி போனால் புருசன் கடைசியாக வாங்கியது போகும், தன் பங்கும் போகும், கொழுந்தன் வார்த்தையும் பலித்துவிடும். ஆகவே டயர் சாகக் கூடாது. அவருக்கு அதற்குமேல் வேறு கவலை இருந்ததாக நான் கண்டதில்லை.

சித்திரை வெயில் தொடங்கும்போது கடப்பாரையை நெம்புகோலாகப் போட்டு அச்சை எழுப்பி, கீழே கல் அடுக்கி, சக்கரம் தரையில் படாமல் தொங்க விடுவார். அமாவாசைக்கு ஒரு தடவை, பௌர்ணமிக்கு ஒரு தடவை சக்கரத்தைக் கையால் சுற்றி வைப்பார். ஒரே பக்கம் வெயில் தின்னக் கூடாதாம். நாய் வந்து காலைத் தூக்கும் என்று சுற்றிலும் இலந்தை முள். பக்கத்து வீட்டுக்காரி பெட்டிக்குள் சாமை காயப்போட வந்ததற்கு, "வேற எடம் பாரும்மா, அது தூங்கட்டும்" என்றார். அந்தப் பெண் என்னிடம் வந்து, "அக்காவுக்குக் கிறுக்கு முத்திடுச்சி பாய்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் சிரித்து வைத்ததோடு சரி.

ஒரு வருசம் போனபோது டயர் இரண்டும் பளபளவென்று மின்னின. அமுக்கினால் கட்டை விரல் வழுக்கியது.

"இன்னாக்கா போட்டே?"

"புங்க எண்ணெ. மாட்டுக் கழுத்துல நொகம் தேய்ச்சிப் புண்ணானா அத்தான போடுவோம். தோலு எளகும்."

தோல் வேறு, ரப்பர் வேறு என்று சொன்னால் நம்பவில்லை. தோல் பதனிடுகிற வாணியம்பாடிக்காரனுக்குத் தோல் தெரியும், டயர் தெரியாது என்று என்னையே மடக்கினார். அது உண்மைதான். அதனால் இறங்குகிற வழியில் சந்தவாசலில் பஞ்சர் கடை வைத்திருந்தவரிடம் கேட்டேன். அவர் வாயில் இருந்த பாக்கைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "எண்ணெ போட்டா ரப்பர் ஊதிக்கும் பாய். மொதல்ல கழுவச் சொல்லுங்க. இன்னொண்ணு. டிரெய்லர் டயர் ஓடித் தேஞ்சி சாவறது கம்மி. நின்னு நின்னுதான் சாவும். மேல எவ்ளோ தொடச்சாலும் உள்ள நூலு மக்கிப்பூடும். பாக்க மாப்பிள்ள மாதிரி இருக்கும், பாரம் ஏத்துனா தெரியும்."

அடுத்த நடையில் இரண்டையும் சொன்னேன். எண்ணெய் சமாசாரத்தை உடனே ஏற்றுக்கொண்டார். சீயக்காய்த் தூளைக் கரைத்துத் தேங்காய் நாரால் டயரைத் தேய்தேயென்று தேய்த்தார். பிள்ளைக்குத் தலை முழுக வைக்கிறாயா என்று கேட்டேன். ஆமாம் என்றார், சிரிக்காமல். நூல் மக்கிப்போகும் என்பதற்கு மட்டும் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"உள்ள யாரு பாய் பாத்தாங்க?"

நான் மரத்தைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன்.

என் நிலைமையையும் சொல்ல வேண்டும். சுவருக்கு இந்தப் பக்கமும் எனக்கு மரம் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான். இங்கே டயரை அமுக்கிவிட்டுச் சுவரைச் சுற்றி அந்த வீட்டுக்குப் போனால் கொழுந்தன் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே கேட்பான்.

"இன்னா பாய், மாமியா வூட்டு டயரு சொகமா கீதா?"

கெட்டவன் இல்லை. என்னைவிட நாலைந்து வயது சின்னவன். எடையில் ஏமாற்ற மாட்டான், கொட்டை கலக்க மாட்டான். ஆனால் வாய்த் திமிர். செல்லில் டயர் வெடிக்கிற வீடியோ எதையோ தேடிப் பிடித்து, சத்தத்தைக் கூட்டி, சுவர் ஓரமாக நின்றுகொண்டு எனக்குக் காட்டுவான். டமார் என்று கேட்கும். அந்தப் பக்கம் அக்கா சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார், தலை திரும்பாது. வேறு பெட்டி வாங்க அவனுக்கு வசதி இல்லாமல் இல்லை. இந்தப் பெட்டியே வரும் என்று இலவு காத்த கிளியாகக் காத்திருந்தான். இஞ்சினை வைத்து உழுவதோடு சரி, ஒரு மூட்டையை ஏற்றிப் போக வழியில்லை.

ஊரும் கஷ்டப்பட்டது. இருக்கிற ஒரே இஞ்சின் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரே பெட்டி இந்தப் பக்கம். தார் ரோடு வரைக்கும் எல்லாம் தலைச்சுமைதான், இல்லாவிட்டால் என் குட்டியானை வண்டி மண் பாதையில் குதித்துக் குதித்து வர வேண்டும். எனக்குப் பொறுக்காமல் ஒரு நாள் அக்காவிடம் கேட்டே விட்டேன்.

"வேற ஊரு இஞ்சின வரச்சொல்லி ஓட்டலாமேக்கா?"

"வூட்டுல ஒண்ணு கீது. வெளிய எதுக்குக் கேக்கணும்?"

"அப்ப அவங்கிட்ட கேளு."

"கேட்டா குடுப்பான் பாய். அதுக்குத்தான் கேக்கல."

எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவரே சொன்னார்: "கேட்டு வாங்குனா அவன் குடுத்ததா ஆயிடும். நாங்க ரெண்டு வூடும் சேந்து வாங்கனது அது."

விற்றுவிடவும் மனம் இல்லை. கணியம்பாடியிலிருந்து ஒருத்தரை நானே கூட்டிப்போனேன், நல்ல மனுசன், நியாயமான விலை சொன்னார். அக்கா அவருக்கும் டயரை அமுக்கக் கொடுத்தார், களியும் கீரையும் போட்டார், அப்புறம் பெட்டி விலைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏனக்கா இப்படி என்றதற்கு, "அவரு வாங்கி மாட்டனது. ஒரு நடைக்கு மேல ஓடவே இல்லியே பாய்" என்றார். அந்த ஒரு தடவைதான் அவர் குரல் உடைந்து கேட்டேன். கணியம்பாடிக்காரர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தியதால் இறங்கிவிட்டேன்.

இவர்கள் இரண்டு பேரும் முழுக்க விரோதிகள் என்றும் சொல்ல முடியாது. கொழுந்தனுக்கு டைபாய்டு வந்து படுத்த வருசம், தினமும் காலையில் கல் சுவரின் மேல் ஒரு தூக்குச் சட்டி இருக்கும். உள்ளே கேழ்வரகுக் கஞ்சி. சாயங்காலம் அதே சட்டி கழுவிக் கவிழ்த்து அதே இடத்தில் இருக்கும். யார் வைத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று இரண்டு வீட்டிலும் பேச்சே இல்லை. அந்தச் சுவரை எதற்குக் கட்டினார்களோ தெரியாது, சாமான் வைக்க வசதியாக இருந்தது.

ஆயுத பூஜை ஒன்றில் நான் அங்கே மாட்டிக்கொண்டேன். மரம் பேசப் போன நாள் அப்படி அமைந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் டிராக்டருக்கு மாலை, சந்தனம், வாழைக் கன்று. இந்தப் பக்கம் பெட்டிக்கும் அதே மாலை, அதே சந்தனம். வண்டிக்குப் பூஜை போட்டால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்க வேண்டும், அப்போதுதான் திருஷ்டி கழியும். கொழுந்தன் சாவியைத் திருப்பினான், பழம் நசுங்கியது, வேலை முடிந்தது. அக்காவின் பழம் அப்படியே கிடந்தது. இஞ்சின் இல்லாத பெட்டி எப்படி நகரும்?

கையால் நசுக்கிவிடு என்றேன். காலால் மிதி என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. யாரையும் கூப்பிடவும் இல்லை. பெட்டியின் மூக்கைத் தான் ஒருத்தியாகத் தோளில் தூக்கிக்கொண்டு இழுக்கத் தொடங்கினார். ஒரு அங்குலம் நகரவில்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. பார்த்துக்கொண்டு நிற்க நான் என்ன கல்லா? செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னால் போய்த் தள்ளினேன். பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், அவள் புருசன் வந்தான். எல்லோரும் சேர்ந்து முக்கித் தள்ளியதில் சக்கரம் ஒரு முழம் உருண்டு பழம் பிதுங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். வழக்கமாகச் சொல்கிற நக்கல் எதையும் அன்றைக்குச் சொல்லவில்லை. என் முழங்கை சிராய்த்துவிட்டது, ஒரு வாரம் எரிந்தது. அல்லாஹ் என் கணக்கில் அந்த ஆயுத பூஜையை எப்படி எழுதியிருப்பானோ தெரியாது.

இப்படியே வருசங்கள் போயின. ஒவ்வொரு நடையும் அமுக்கினேன், ஒவ்வொரு நடையும் நல்லாத்தான் இருந்தது. கொழுந்தன் சொன்ன இரண்டு வெயில் எப்போதோ தாண்டிப் போயிற்று. ஊரில் இப்போது யாரும் கிறுக்கு என்று சொல்வதில்லை. டயர் ஜெயித்துவிட்டது என்றே பேச்சு. எனக்கும் அந்த நம்பிக்கை வந்துவிட்டது. பஞ்சர் கடைக்காரர் சொன்னது மட்டும் எப்போதாவது மூளையில் வந்து போகும்.

அந்தப் பங்குனியில் புளி நன்றாக இறங்கியிருந்தது. ஓடு உடைத்து, கோது நீக்கி, களத்தில் வரிசையாக மூட்டை. நான் பேசி முடித்துவிட்டு மறுநாள் வண்டி வரச் சொல்லியிருந்தேன். ராத்திரியே கோடை மழை பிடித்துக்கொண்டது. காலையில் பார்த்தால் மண் பாதை சேறு, தார் ரோட்டுக்கு முன்னால் இருக்கிற தரைப்பாலத்தின் மேல் தண்ணீர். குட்டியானை டிரைவர் அந்தக் கரையில் நின்று செல்லில் கூப்பிட்டு, வண்டி இறங்காது பாய், இறங்கினால் ஏறாது என்று கையை விரித்துவிட்டான். தலைச்சுமையாகவும் போக முடியாது, வழுக்கல். வானம் மறுபடியும் இருட்டிக்கொண்டு வந்தது. ஊரில் இருந்த தார்ப்பாய் எல்லாம் ஓட்டை. புளி ஒருதரம் நன்றாக நனைந்துவிட்டால் கறுத்துப் புளித்து நாறிப்போகும், மாட்டுக்குக்கூட ஆகாது. வருசம் பூராவும் உழைத்தது. ஊர் முழுக்கக் களத்தில் நின்றது.

எல்லோர் மனதிலும் ஒரே விஷயம்தான். இஞ்சின் அங்கே, பெட்டி இங்கே. பெட்டி போட்ட டிராக்டர் என்றால் அந்தத் தண்ணீரை மிதித்துக்கொண்டு போய்விடும். யார் யாரிடம் கேட்பது? ஊர்ப் பெரியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள், அவர்கள் செய்து வைத்த வேலைதானே. கொழுந்தன் தன் மூட்டைகளின் மேல் வைக்கோலைப் போட்டபடி தலையைத் தூக்கவில்லை. அவன் புளியும்தான் நனையப்போகிறது, ஆனால் வாய் வரவில்லை. அக்காவை அங்கே காணவில்லை.

தூறல் விழத் தொடங்கியபோது அவர் கோயில் பக்கமிருந்து வந்தார். தலையில் கோணி. கையில் அந்தப் பின்னு, குங்குமத்தோடு. பூசாரியிடம் கேட்டாரா என்று தெரியாது, கேட்டிருக்க மாட்டார். யாரையும் பார்க்காமல் நேரே வந்து, கல் சுவரின் மேல், கஞ்சிச் சட்டி வைக்கிற அதே இடத்தில் பின்னை வைத்தார். பலா மரத்தடிக்குப் போய்ச் சக்கரத்திலிருந்து சாக்கை எடுத்து மடித்தார். முள்ளை இழுத்து ஓரம் போட்டார்.

நான் கிட்டே போய் மெல்லக் கேட்டேன். "நெசமாத்தானாக்கா?"

"புளி நனையுது பாய்" என்றார்.

கொழுந்தன் கொஞ்ச நேரம் பின்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வந்து எடுத்துக்கொண்டான். டிராக்டர் சுவரைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தது, அத்தனை வருசத்துக்கு அப்புறம். பின்னோக்கி நகர்ந்து பெட்டியின் மூக்கருகே நின்றது. பின்னை இறக்கிய சத்தம் களம் வரைக்கும் கேட்டது. ஜனம் ஓடி ஓடி மூட்டையை ஏற்றினார்கள். இருந்ததில் நல்ல தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். நான் மட்கார்டில் தொற்றிக்கொண்டேன். அக்காவை ஏறச் சொன்னதற்கு மாட்டேன் என்றுவிட்டார், தன் எடையும் டயருக்குத்தானே. பெட்டிக்குப் பின்னால், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சேற்றில் நடந்து வந்தார்.

தரைப்பாலத்துத் தண்ணீரில் இறங்கி ஏறியது. திரும்பிப் பார்த்தேன். அக்கா இடுப்புச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரைக் கடந்துகொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கல்யாணப் பெண் தோற்றுவிடுவாள்.

தார் ரோடு தெரிகிற மேட்டில் ஏறும்போது டமார் என்றது.

பெட்டி இடது பக்கம் சாய்ந்தது. கொழுந்தன் பிரேக்கைப் போட்டு இறங்கினான். நானும் குதித்தேன். டயரின் பக்கவாட்டு, நான் வருசா வருசம் அமுக்கிய அதே இடம், ஒரு கை நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. உள்ளே நூல் தெரிந்தது. காய்ந்த நார் மாதிரி பொலபொலவென்று இருந்தது. வெளியே ரப்பர் இன்னமும் பளபளப்புதான்.

பாதையைப் பார்த்தேன். மழை கழுவிய வெறும் செம்மண். குண்டூசி கிடந்தாலும் தெரியும், ஒன்றும் இல்லை.

அக்கா வந்து சேர்ந்தார். சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை, அப்படியே நின்றுவிட்டிருந்தது. பின்னாலேயே மூட்டை தாங்க வந்த ஆட்களும் வந்து நின்றார்கள். எல்லோரும் கொழுந்தன் வாயைத்தான் பார்த்தோம். ஊர் நடுவே சொன்ன வார்த்தை பலித்துவிட்டது. இதற்காகத்தானே இவ்வளவு வருசம் கட்டிலில் படுத்துக் காத்திருந்தான்.

அவன் குனிந்து டயரைப் பார்த்தான். பிளவுக்குள் விரலை விட்டு அந்த நூலைத் தொட்டான். நிமிர்ந்தபோது விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

"கல்லு குத்திடுச்சி அண்ணி" என்றான். "நான்தான் பாக்காம ஏத்திட்டேன்."

அண்ணி என்று அவன் சொல்லி எத்தனை வருசம் ஆகியிருக்கும். ஆட்களில் ஒருத்தன் பாதையைப் பார்த்தான், அப்புறம் வானத்தைப் பார்த்தான்.

அக்கா டயருக்கு முன்னால் குந்தினார். கட்டை விரலை வைத்தார். பிறகு பிளவுக்குள் கையை விட்டு உள்ளே தடவினார், ஆற அமரத் தடவினார். உள்ளே யார் பார்த்தார்கள் என்று என்னைக் கேட்டவர். கையை வெளியே எடுத்தபோது விரலில் நூல் தூள் ஒட்டியிருந்தது. எழுந்து பாதை ஓரமாகப் போனார். வாய்க்கால் பக்கம் தேடி ஒரு கல்லை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இந்தக் கல்லா?" என்றார்.

கொழுந்தன் பார்த்தான். அது குழவி மாதிரி வழவழவென்று உருண்டைக் கல்.

"அதான் அண்ணி. அதே கல்லுதான்."

அக்கா அதைப் பள்ளத்தில் வீசினார். "இனிமே யாருக்கும் குத்தக் கூடாது" என்றார்.

அப்புறம் வேலை நடந்தது. மூட்டையைத் தலைச்சுமையாக மேடு ஏற்றி என் வண்டியில் அடுக்கினோம். வண்டி நிறைந்தும் கடைசியில் ஒரு இடுக்கு பாக்கி இருந்தது. அக்கா கடப்பாரை கேட்டு வாங்கினார், ஆமாம், கேட்டு வாங்கினார், அச்சை எழுப்பிக் கல் அடுக்கினார். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கொழுந்தன் வெடித்த சக்கரத்தைக் கழற்றி அந்த இடுக்கில் ஏற்றினான், அதோடு நிற்காமல் அந்தப் பக்கத்துச் சக்கரத்தையும் கழற்றினான்.

"அது நல்லாத்தான கீது, எதுக்குப்பா?" என்றேன், அவன் பாஷையிலேயே.

"அந்தப் பக்கமும் கல்லு கெடக்கும் பாய்" என்றான், அக்காவுக்குக் கேட்கிற மாதிரி.

சந்தவாசலுக்கு என் வண்டியில்தான் வந்தான். புது டயர் இரண்டு மாட்டினான், யார் செலவு என்று நான் கேட்கவில்லை. பழையது இரண்டையும் கடையிலேயே விட்டுவிடு என்றதற்கு, வெடித்ததை மட்டும் விட்டான். முழுசாக இருந்ததை வண்டியில் போட்டுக்கொண்டான். வண்டியைத் திருப்பி மேட்டடிக்கு வந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது, மழை விட்டிருந்தது. அக்கா பெட்டியின் மூக்கில் உட்கார்ந்து காத்திருந்தார். புது டயரை அவர் அமுக்கிப் பார்க்கவில்லை. பழையதைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கொழுந்தன் அதை இறக்கி அவர் கைக்கு எட்டுகிற மாதிரி பெட்டியின் மேல் சாத்திவிட்டு, சக்கரம் மாட்டப் போய்விட்டான்.

அக்கா டயரை நிமிர்த்தினார். உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். அது உருண்டது. கூடவே ஊர்ப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"பொட்டியில போட்டா வந்துடுமேக்கா" என்றேன். "அத்த எதுக்கு உருட்டினு போறே?"

அவர் நிற்கவில்லை. டயர் சாய்ந்தபோது ஒரு கையால் நிமிர்த்தி மறுபடியும் தட்டினார்.

"ஓடட்டும் பாய்" என்றார். "வூடு வரைக்குமாச்சும் ஓடட்டும்."